காய்கறிப் பெட்டிக்கு நாலு நட்சத்திரம், மூடியில் எழுதியிருப்பதற்கு இரண்டு

பண்ணையிலிருந்து நேராக வீட்டுக்கு வரும் வாராந்திரக் காய்கறிப் பெட்டிக்குச் சந்தா கட்டி ஒரு வருடம் முடிந்துவிட்டது. புதுப்பிக்கச் சொல்லிப் படிவம் வந்திருக்கிறது, அதை நிரப்புவதற்கு முன்னால் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டாவது வாரத்திலேயே 'அருமை, அமிர்தம்' என்று ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனவர்களை நம்பித்தான் நானும் சேர்ந்தேன், அதனால் அவசரப்படாமல் 52 வாரமும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பண்ணையின் பெயரைப் போடப் போவதில்லை. சின்ன ஆட்கள், பெயர் போட்டால் நல்லதை யாரும் படிக்க மாட்டார்கள், குறை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த மாதிரிப் பெட்டி இப்போது உலகம் முழுக்கக் கிடைக்கிறது, எதை வாங்கினாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

ஏற்பாடு எளிது. விதைப்புக்கு முன்பே மொத்தப் பணத்தையும் கட்டிவிட வேண்டும், அப்புறம் விளைந்தது எதுவோ அது வாரம் ஒருமுறை வாசலுக்கு வரும். விளையாவிட்டால் அந்த நஷ்டத்தில் நமக்கும் பங்கு உண்டு. புதுசாகத் தெரிந்தாலும் இது பழைய யோசனைதான், ஜப்பானில் 1970களில் 'தெய்கெய்' என்ற பெயரில் குடும்பங்களும் விவசாயிகளும் இப்படி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள், அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் ஆரம்பித்தன. வங்கிக் கடனுக்கு அலையாமல் விவசாயிக்கு முன்பணம் கிடைக்கிறது என்பது இதில் உண்மையிலேயே நல்ல விஷயம், இந்த ஒன்றுக்காகவே ஒரு நட்சத்திரம் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

முதலில் பொருள் எப்படி என்று சொல்லிவிடுகிறேன், விமர்சனம் படிக்க வந்தவர்களுக்கு அதுதானே வேண்டும். தக்காளிக்கு நான் அடிமை. ஒன்றுபோல் ஒன்று இருக்காது, ஒன்று முஷ்டி அளவு, ஒன்று கோலிக்குண்டு, சிலது தோளில் வெடித்து ஆறிய தழும்போடு வரும், ஆனால் நறுக்கும்போதே சமையலறை முழுக்க வாசம் வந்துவிடும். கேரட்டில் மண் ஒட்டியிருக்கும், கழுவுவதற்கே பத்து நிமிடம். முட்டைக்கோஸில் ஒருமுறை மூன்றாவது மடலுக்குள் ஒரு பச்சைப் புழு உயிரோடு, நலமாக இருந்தது. என் மகள் அதற்குப் பெயர் வைத்து இரண்டு நாள் டப்பாவில் வளர்த்தாள். கீரை அறுத்த அன்றே வந்துவிடுவதால் நாலு நாள் தாங்கும், கடையில் வாங்கும் கீரை மறுநாளே படுத்துவிடும்.

குறை என்று பார்த்தால் பீட்ரூட். அஞ்சு வாரம் தொடர்ந்து பீட்ரூட் வந்தது. பெட்டியில் என்ன வரும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, வேண்டாம் என்றால் செவ்வாய்க்கிழமைக்குள் சொல்ல வேண்டும், அதை எந்த மனுஷன் ஞாபகம் வைத்திருப்பான். விடாமல் மழை பெய்த மூன்று வாரம் பாதிப் பெட்டிதான் வந்தது, அதில் ஒரு வாரம் பெட்டியே இல்லை, 'வயலில் கால் வைக்க முடியவில்லை' என்று ஒரு வரி செய்தி மட்டும். பங்கு என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டோம், அதனால் கோபப்படவில்லை. அந்த வாரம் நாங்கள் எல்லாரும் போல பெரிய கடைக்குப் போனோம், அங்கே அலமாரி நிறைந்துதான் இருந்தது. அங்கே வரும் காய் ஒரே இடத்து வானத்தை நம்பியில்லை, இங்கே மழை என்றால் வேறு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இனி மூடிக்கு வருவோம். பெட்டி நல்ல கனமான பிளாஸ்டிக் கூடை, திருப்பிக் கொடுக்க வேண்டியது. அதன் மூடியில் பெரிய பச்சை எழுத்தில் 'உலகத்துக்குச் சோறு போடுவது சிறு விவசாயிதான்' என்று அச்சடித்திருக்கிறார்கள். உள்ளே ஒரு துண்டுச்சீட்டு, அதில் உலக உணவில் 70 சதவீதம் சிறு விவசாயிகளிடமிருந்துதான் வருகிறது, தொழிற்சாலை விவசாயம் தேவையே இல்லை என்று. முதல் ஆறு மாதம் நான் இதை அலங்காரம் என்று விட்டுவிட்டேன். ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத கொழுப்பு என்று வீட்டில் சொன்னார்கள், பெட்டியைத் தராசில் வைத்தேன்.

நல்ல வாரம் அது. தக்காளி ஒன்றரைக் கிலோ, வெங்காயம் ஒரு கிலோ, கேரட் ஒரு கிலோ, முட்டைக்கோஸ் ஒரு கிலோ, வெள்ளரி ஒரு கிலோ, உருளைக்கிழங்கு ஒரு கிலோ, பீன்ஸ் அரைக் கிலோ, கீரை அரைக் கிலோ. மொத்தம் ஏழரைக் கிலோ, தூக்கினால் தோள் இறங்குகிறது. சத்து அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். தக்காளியில் 100 கிராமுக்கு 18 கலோரி, வெள்ளரியில் 15, முட்டைக்கோஸில் 25, கேரட்டில் 41, உருளையில் 77. எல்லாம் கூட்டினால் சுமார் 2,500 கலோரி வருகிறது. அதாவது ஒரு ஆளுக்கு ஒரு நாள். நாங்கள் நாலு பேர், வாரத்துக்கு ஏழு நாள். இதே 2,500 கலோரி எழுநூறு கிராம் கோதுமை மாவில் இருக்கிறது, ஒரு கையில் தூக்கிவிடலாம்.

காய்கறியை யாரும் கலோரிக்காகத் தின்பதில்லை என்று எனக்கும் தெரியும். விட்டமின், இரும்பு, ஃபோலேட், நார்ச்சத்து எல்லாம் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது, வெறும் மாவைத் தின்று உயிர் வாழலாம், ஆரோக்கியமாக இருக்க முடியாது. ஆனால் மூடியில் 'உலகத்துக்கு விட்டமின் கொடுப்பது' என்று எழுதவில்லையே, சோறு போடுவது என்றுதானே எழுதியிருக்கிறார்கள். என் வீட்டுக்கு அந்த ஒரு வருடம் சோறு போட்டது அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த மாவு மூட்டையும் எண்ணெய் டப்பாவும் பருப்புப் பொட்டலமும்தான். மூன்றுமே டிராக்டரும் யூரியாவும் கப்பலும் சேர்ந்து கொண்டுவந்தவை. பெட்டியை மட்டும் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், மூட்டையை யாருக்கும் காட்டவில்லை.

அப்புறம் அந்த 70 சதவீதம். இதைத் தேடிப் போனால் கொஞ்சம் சிரிப்பு வரும். 2021இல் உலக உணவு வேளாண்மை அமைப்பின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி உலகத்தில் 60 கோடிக்கும் மேல் பண்ணைகள் இருக்கின்றன. இரண்டு ஹெக்டேருக்கும் குறைவான பண்ணைகள் எண்ணிக்கையில் 84 சதவீதம், கையில் இருக்கும் விவசாய நிலம் 12 சதவீதம், தரும் உணவு மதிப்பில் சுமார் 35 சதவீதம். குடும்பப் பண்ணைகள் என்று எடுத்துக்கொண்டால் அது 80 சதவீதம் ஆகிவிடுகிறது. குடும்பப் பண்ணை என்றால் குடும்பம் நடத்தும் பண்ணை, அவ்வளவுதான். செயற்கைக்கோள் பார்த்து ஓட்டும் டிராக்டரோடு ஆயிரம் ஹெக்டேர் வைத்திருக்கும் அப்பாவும் மகனும் கூட அதில் வருவார்கள். குடும்பத்தையும் சிறுசையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் இந்த மாதிரிப் பெரிய எண்கள் துண்டுச்சீட்டுக்கு வந்து சேருகின்றன.

ஆனால் 12 சதவீத நிலத்தில் 35 சதவீத உணவு என்பதைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. பெரிய பண்ணைக் கணக்கில் மேய்ச்சல் நிலமும் சேருவதால் வித்தியாசம் கொஞ்சம் ஊதித் தெரிகிறது என்பது சரி, அதைக் கழித்தாலும் சின்ன நிலக்காரர் ஒரு ஏக்கரில் குறைவாக எடுப்பதில்லை. வரப்பு ஓரத்தில்கூட ஏதாவது நட்டிருப்பார், ஒரே வருடத்தில் மூன்று பயிர் பார்ப்பார், ஒரு செடி வாடினால் அவர் கண்ணுக்குத் தெரியும். அந்த விளைச்சல் யாருடைய முதுகில் வருகிறது என்பதுதான் மூடியில் இல்லை. உலகத்தில் வேலை பார்ப்பவர்களில் நாலில் ஒருவர் இன்னமும் விவசாயத்தில்தான் இருக்கிறார். பசியோடு படுப்பவர்களிலும் பெரும்பகுதி கிராமத்துக்காரர்கள்தான், நிலம் வைத்திருந்தும் வருடத்தில் சில மாதம் தானியத்தைக் கடையில் வாங்குகிற சிறு விவசாயிகள் ஏராளம்.

இன்னொன்று, துண்டுச்சீட்டு எழுதியவர் 'சிறியது', 'இயற்கை', 'பாரம்பரியம்' மூன்றையும் ஒரே சொல் மாதிரிப் பயன்படுத்துகிறார். ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு மூட்டை மூட்டையாக யூரியா கொட்டுகிறவரும் சிறு விவசாயிதான். ஆயிரம் ஏக்கரில் இயற்கை முறையில் கேரட் போடுகிற நிறுவனமும் இருக்கிறது. இயற்கை முறையில் விளைச்சல் எவ்வளவு குறையும் என்று நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இரண்டு கணக்குகள் உண்டு, 2012இல் வந்தது சராசரியாக 25 சதவீதம் என்றது, 2015இல் வந்தது 19 என்றது. பயிரைப் பொறுத்து இது ரொம்ப மாறும், பழ மரத்துக்கும் சில பயறுகளுக்கும் வித்தியாசம் சொற்பம், கோதுமைக்கு அதிகம். பெட்டியில் வருவதெல்லாம் ஏன் காய்கறியாகவே இருக்கிறது, ஏன் கோதுமை இல்லை என்பதற்கு இதிலும் பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பதில் பண்ணையிலேயே கிடைத்தது. சந்தாதாரர்களை வருடத்தில் ஒரு நாள் வரச் சொல்வார்கள், போனேன். நல்ல வெயில், நாற்பது பேர் இருப்போம், பாதிப் பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், குனிந்து களை எடுத்து எடுத்து முட்டி போய்விட்டது, ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டுதான் எங்களுக்கு வழி காட்டினார். மக்காச்சோளத்துக்கு நடுவில் பீன்ஸ் கொடி ஏறியிருந்தது, ஒரு செடியைப் பிடுங்கி வேரில் இருந்த முடிச்சைக் காட்டினார், மிளகை விடச் சின்னது, நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றில் இருக்கும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, இந்த முடிச்சில் இருக்கும் பாக்டீரியாதான் பிடித்துக் கொடுக்கிறது என்றார். கூட்டத்தில் எல்லாரும் ஆகா என்றார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது.

அதற்குப் பின்னால் ஒரு பெரிய எருக் குவியல் இருந்தது, ஆள் உயரத்துக்கு, ஆவி பறக்க. அதன் வாசத்துக்கு யாரும் கிட்டே போகவில்லை. நான் போய், "இவ்வளவும் இங்கேயே சேருதாக்கா?" என்று கேட்டேன்.

"இங்கே எங்க சேரும் தம்பி, நம்மகிட்ட மாடு ரெண்டுதான். இது கோழிப்பண்ணைலேருந்து லாரில வருது."

"அந்தக் கோழிங்க என்ன திங்குது?"

அவர் குச்சியை மாற்றிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மக்காச்சோளம், சோயா. மூட்டைல வாங்கிப் போடுறாங்க. அது யூரியா போட்டு வெளஞ்சதுதான். நீங்க இதைக் கேக்கணும்னே வந்தீங்களா?"

இல்லவே இல்லை, வாயில் வந்துவிட்டது. அவர் கோபப்படவும் இல்லை, "வேற வழி இல்ல தம்பி, போடாம விட்டா மூணாவது வருஷம் நிலம் படுத்துக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்கு நடந்தார். என் தக்காளிக்குள் இருக்கும் தழைச்சத்து ஒரு தொழிற்சாலையில் பிறந்து, மக்காச்சோளத்தில் ஏறி, கோழி வயிற்றில் புகுந்து, லாரியில் வந்து இயற்கையாகிவிட்டது என்பதை அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

அக்கா சொன்ன அந்த ஒரு வரியில்தான் மொத்த விவகாரமும் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843இலிருந்து ஒரே வயலில் கோதுமை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் நடக்கிறது. எதுவும் போடாத பாத்தியில் ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன்தான் கிடைக்கிறது. தொழு உரம் மட்டும் போட்ட பாத்தி இரசாயன உரம் போட்ட பாத்திகளோடு தோளோடு தோள் நின்றிருக்கிறது. எருவை நம்புகிறவர்கள் இதைச் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அந்தப் பாத்திக்கு வருடா வருடம் போட்ட எரு ஹெக்டேருக்கு 35 டன். அவ்வளவு எருவுக்கு மாடு வேண்டும், மாடு தின்ன வேறு நிலம் வேண்டும். பயறு விதைத்து நிலத்தைத் தேற்றலாம், நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அந்தப் பருவத்தில் அங்கே கோதுமை இல்லை.

இந்த எருத் தட்டுப்பாட்டுக்கு மாற்று தொழிற்சாலையில் வந்தது. ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர் 1909இல் காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்து, யூரியா மாதிரி உரங்களுக்கு மூலப்பொருளான அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக வடித்துக் காட்டினார், கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை ஆக்கி 1913இல் ஜெர்மனியில் ஓப்பாவில் ஓட்டிவிட்டார். இன்றைக்கு வருடத்துக்கு 10 கோடி டன்னுக்கு மேல் தழைச்சத்து இப்படித்தான் வயலுக்குப் போகிறது. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இதை நம்பி இருக்கிறது என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் மதிப்பிடுகிறார்கள். இலங்கை 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்திப் பார்த்தது, நெல் கடுமையாக விழுந்தது, நவம்பரிலேயே பின்வாங்கிவிட்டார்கள், பிறகு அரிசியை வெளியில் வாங்க வேண்டி வந்தது. இயற்கை முறை தப்பு என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். எருவும் பயறும் மண்ணும் தயாராக வருடக் கணக்கில் ஆகும், அந்த அவகாசம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

சரி, அப்போது அந்த மாவு மூட்டைக்கு ஐந்து நட்சத்திரமா? அதுவும் இல்லை. மூட்டைக்கும் விமர்சனம் எழுதத்தான் வேண்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. எப்போது போனாலும் கிடைக்கிறது, வண்டு இல்லை, கல் இல்லை, ஒரு மூட்டையும் அடுத்த மூட்டையும் ஒரே மாதிரி. ருசி பற்றிக் கேட்காதீர்கள். ஆனால் அதன் முழு பில்லை யாரும் நம் கையில் கொடுப்பதில்லை. வயலில் போடும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது, மீதி தண்ணீரிலும் காற்றிலும் போகிறது, அதில் ஒரு சின்னப் பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக, அது எடைக்கு எடை கரியமில வாயுவை விட 270 மடங்குக்கு மேல் சூடேற்றும். மிசிசிப்பி ஆறு வழியாக இறங்கும் உரத்தால் மெக்சிகோ வளைகுடாவில் கோடைக்குக் கோடை மீன் மூச்சுவிட முடியாத ஒரு பரப்பு உருவாகிறது. அமெரிக்கச் சமவெளிக்கு அடியில் ஒகல்லாலா என்ற நிலத்தடி நீர், ஆயிரக்கணக்கான வருடம் சேர்ந்தது, அதன் பல பகுதிகளில் ஊறுவதை விடப் பல மடங்கு வேகத்தில் இறைக்கிறார்கள். மூட்டையின் மேல் ஒரு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டினால் தேவலை.

இதை விட எனக்கு எரிச்சல் தருவது அந்த மூட்டையில் போக வேண்டிய தானியம் எங்கே போகிறது என்பது. 2013இல் வெளிவந்த ஒரு கணக்குப்படி உலகத்தில் விளையும் பயிர்க் கலோரியில் நேராக மனிதர் தட்டுக்கு வருவது 55 சதவீதம்தான். 36 சதவீதம் கால்நடைத் தீவனம், மீதி வண்டிக்கு எரிபொருளும் மற்றதும். தீவனமாகப் போனதில் சொற்பம்தான் இறைச்சியாகவும் பாலாகவும் திரும்பி வரும். உலகத்தில் உணவு மொத்தத்தையும் தலைக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு 2,900 கலோரிக்குக் குறையாமல் வருகிறது, போதும், போதுமே. இருந்தும் 2024இல் 67 கோடி பேர் பசியில் இருந்தார்கள் என்று ஐநா அமைப்புகள் சொல்கின்றன. 1943 வங்கப் பஞ்சத்தை வைத்து அமர்த்தியா சென் சொன்னது இதுதான், தானியம் இருந்தாலும் அதை வாங்கும் சக்தி போய்விட்டால் பஞ்சம்தான். 'தொழிற்சாலை விவசாயம் உலகத்தைக் காப்பாற்றுகிறது' என்று விளம்பரம் போடுகிறவர்களும் என் பெட்டி மூடி மாதிரியே ஒரு பாதியை மட்டும் எழுதுகிறார்கள்.

இந்த இடத்தில் நானும் யோக்கியன் இல்லை. உலகத்தில் 2022இல் மட்டும் வீடு, கடை, உணவகம் எல்லாம் சேர்த்து வீணடித்தது 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில். என் குளிர்பதனப் பெட்டியின் கீழ் இழுப்பறையில் நாலாவது வாரப் பீட்ரூட் ஐந்தாவது வாரப் பீட்ரூட்டின் மேல் சாய்ந்து கிடந்தது, தொட்டால் விரல் உள்ளே போனது. அக்கா முட்டி வலியோடு குனிந்து பிடுங்கியது அது.

அந்த மழை வாரத்தைப் பின்னால் சொல்கிறேன் என்றேன் அல்லவா. சின்னது பாதுகாப்பு, பெரியது ஆபத்து என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அல்லது நேர் எதிராக. அயர்லாந்தில் 1845இல் கருகல் நோய் வந்தபோது அங்கே இருந்தது பெரும்பண்ணை உருளைக்கிழங்கு இல்லை, துண்டு நிலத்தில் ஏழைக் குடும்பங்கள் போட்டது. ஆனால் பெரும்பாலும் ஒரே ரகம், லம்பர் என்று பெயர். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், தானியம் அங்கிருந்து கப்பலேறிக்கொண்டே இருந்தது. 1970இல் அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்கு இலைக் கருகல் வந்தது, பெரும்பாலான கலப்பின விதையில் தாய்ச் செடி வழியாக வரும் ஒரே மரபுக் கூறு இருந்ததால் விளைச்சலில் 15 சதவீதம் போனது. அங்கே யாரும் பட்டினியில் சாகவில்லை, கிடங்கு இருந்தது, காசு இருந்தது, வேறு இடத்து விளைச்சல் இருந்தது. இரண்டிலும் வயலின் அளவு ஒரு பொருட்டே இல்லை, ஒரே ரகத்தை நம்பியதுதான் நோய்க்குக் கதவு திறந்தது, விழுந்த பிறகு தாங்கிப் பிடிக்கக் கை இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். என் மழை வாரத்தில் எனக்குக் கை இருந்தது, பெரிய கடை. அக்காவுக்கு எங்கள் முன்பணம்.

சின்ன நிலமும் நவீன விஞ்ஞானமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கென்யாவில் பூச்சி ஆராய்ச்சியாளர்கள் செய்தது. மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவில் டெஸ்மோடியம் என்ற பயறுச் செடியை நடுகிறார்கள், அதன் வாசம் தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சியை விரட்டும், வயலைச் சுற்றி நேப்பியர் புல், அது பூச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். டெஸ்மோடியத்தின் வேர் ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களையை அடக்குகிறது, தழைச்சத்தும் சேர்க்கிறது, அறுத்தால் மாட்டுக்குத் தீனி. பாட்டி காலத்து ஊடுபயிர் மாதிரித்தான் தெரியும், ஆனால் எந்த வாசம் எந்தப் பூச்சியை என்ன செய்கிறது என்று ஆய்வகத்தில் பல வருடம் உட்கார்ந்து கண்டுபிடித்தது. சின்ன நிலத்துக்கென்றே செய்த நவீன விஞ்ஞானம். இதை மூடியில் போட்டால் நான் கைதட்டுவேன்.

யாருக்கு இந்தப் பெட்டி சரிவரும் என்றால், தினமும் சமைக்கிறவர்கள், வந்ததை வைத்துச் சமைக்கத் தெரிந்தவர்கள், வீட்டில் குறைந்தது மூன்று பேர் இருப்பவர்கள் வாங்கலாம். பட்டியல் போட்டுச் சமைக்கிறவர்களுக்கு இது தலைவலி. சேருவதற்கு முன் எரு எங்கிருந்து வருகிறது, வேலை செய்கிறவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள், விதையில் எத்தனை ரகம் போடுகிறீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள், அக்கா மாதிரி நேராகப் பதில் சொன்னால் பணத்தைக் கட்டிவிடலாம். மாவையும் எண்ணெயையும் எப்போதும் போல வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கும், அதற்காகக் கூச்சப்படத் தேவையில்லை.

நட்சத்திரக் கணக்கு தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். காய்கறிக்கு நாலு, பீட்ரூட்டுக்காக ஒன்று கழித்தது. மூடி வாசகத்துக்கு இரண்டு, அந்த 35 சதவீதத்துக்கு மரியாதையாக.

புதுப்பிக்கும் படிவத்தில் 'ஏன் தொடர்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. சுற்றுச்சூழலுக்காக, உடல்நலத்துக்காக, உலகப் பசியைத் தீர்ப்பதற்காக என்று மூன்று கட்டங்கள். 'மற்றவை' என்று ஒன்று இல்லை. ஓரத்தில் இருந்த இடத்தில் 'தக்காளி' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.